லொறித் தராசில் ஒரு கிடாரம்

போன வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி. லவால் நகரில் ஒரு கல்குவாரி. எனக்குப் பின்னால் ஐந்து கல் லொறிகள் உறுமிக்கொண்டு வரிசையில் நிற்க, நான் ஒரு விதவையின் கஞ்சி காய்ச்சும் கிடாரத்தைத் தூக்கி நிலத்தில் வைத்தேன்.

மெதுவாக வைத்தேன் என்று எழுத ஆசைதான். இல்லை. வைத்த சத்தத்தில் ஒரு லொறிச் சாரதி யன்னலால் எட்டிப் பார்த்தார்.

இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் வாசிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். குளிர்கால ரயரை எந்தக் கிழமை மாற்றவேண்டும், வரிப் படிவத்தில் எல்லோரும் எந்த இடத்தில் பிழை விடுகிறார்கள், கடவுச்சீட்டுப் படத்துக்கு ஏன் சிரிக்கக் கூடாது... உங்களுக்கு நான் சொல்லாதது எது? சிலர் நன்றி சொல்லி எழுதுகிறீர்கள். சிலர் என்னைக் கண்டால் கடையின் மற்றப் பக்கத்தால் போகிறீர்கள். இரண்டையுமே பாராட்டாக எடுத்துக்கொண்டு வந்தவன் நான் — போன வெள்ளிக்கிழமை வரை.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு சொல். முப்பத்தொரு வருடம் இந்த ஊரில் ஒரு விமானத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். நிறை பார்க்கும் பிரிவு. ஒரு விமானம் எத்தனை கிலோ, அந்தப் பாரம் அதன் உடம்பில் எங்கே கிடக்கிறது என்று அளந்து கையெழுத்து வைப்பவன். ஓய்வு பெற்ற பிறகு நிறுப்பதற்கு விமானம் கிடைக்கவில்லை. ஒரு ட்ரெய்லர் வாங்கினேன். பிக்கப் வண்டிக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. கட்டில், அடுப்பு, குளிக்கும் அறை, எல்லாம் உண்டு.

வீட்டை இழுத்துக்கொண்டு நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவது விளையாட்டு இல்லை. ட்ரெய்லர் எவ்வளவு தாங்கும் என்று அதன் சுவரில் எழுதியிருக்கும். வண்டி எவ்வளவு தாங்கும் என்று சாரதியின் கதவில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். யார் வாசிக்கிறார்கள்? பாரம் கூடினால் ரயர் வெடிக்கும். பாரம் பின்பக்கம் சேர்ந்தால் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். நெடுஞ்சாலையில் அந்த வாலாட்டம் தொடங்கினால், இழுக்கிறவன் யார், இழுபடுகிறவன் யார் என்பது மாறிவிடும்.

ஆகவே நிறுக்கவேண்டும். வெறும் வண்டியை அல்ல. பயணம் போகிற கோலத்திலேயே. சாமான் எல்லாம் உள்ளே, பெற்றோல் நிரம்ப, ஆட்கள் இருக்கையில். முதலில் வண்டியும் ட்ரெய்லரும் சேர்த்து. பிறகு கழற்றிவிட்டு ட்ரெய்லர் தனியே, வண்டி தனியே. குவாரிக்காரர்கள் கேட்டால் தங்கள் லொறித் தராசில் ஏறவிடுவார்கள். இதையெல்லாம் நான் ஏற்கெனவே இங்கே எழுதியிருக்கிறேன். சொன்னதில் ஒன்றும் பிழையில்லை. பிழை சொன்னவனில்.

ஒவ்வொரு ஓகஸ்டிலும் எங்கள் பங்குத் தமிழ்ச் சனம் கிழக்கே மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கும் மாதா கோயிலுக்கு யாத்திரை போகும். வெள்ளி இரவும் சனி இரவும் ஆற்றங்கரையில் கூடாரம். சனிக்கிழமை மதியம் அன்ரனின் கஞ்சி.

அன்ரன் யார்? பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்தவர். ஒரு பழைய வான் வைத்திருந்தார். வந்த புதிதில் அகதி வழக்கு முடிந்து இந்த நாட்டில் இருக்கலாம் என்று கடிதம் வந்தபோது மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தார் — உயிர் உள்ளவரை வருடாவருடம் யாத்திரைக்கு வரும் எல்லோருக்கும் தன் கையால் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதாக. கொடுத்தார். இந்த மாசியில் இறந்துபோனார். வானை விற்றுவிட்டார்கள்.

அவர் மனைவி றீற்றா என் மனைவி ஜெசியின் சிநேகிதி. இந்த முறை கஞ்சியைத் தான் காய்ச்சப்போவதாக பூசை முடிந்து வாசலில் நின்று சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். எங்களோடு வண்டியில் வாருங்கள் என்று நானே கூப்பிட்டேன். ஒரு மனிதரைக் கூப்பிட்டால் அவருடைய கிடாரமும் வரும் என்பது எனக்குத் தோன்றவில்லை. யாராவது கொண்டுபோவார்கள் என்று நினைத்தேன். யார் என்று கேட்கவில்லை.

நான் கேட்டது வேறு. என் நிறைப் பட்டியலுக்காக இருவரிடமும் உடல் நிறை கேட்டேன்.

"அறுபது," என்றார் ஜெசி. "இதைக் கலியாணத்துக்கு முந்திக் கேட்டிருக்கலாம்."

றீற்றா சிரித்துக்கொண்டே, "எனக்கு அறுபத்திரண்டு அண்ணை. செருப்போட சொல்லவோ, செருப்பில்லாமலோ?" என்றார்.

செருப்போடு என்று நான் உண்மையாகவே சொன்னேன்.

வெள்ளிக்கிழமைக்கு வருவோம். என் பட்டியலின்படி ட்ரெய்லர் 2,530 கிலோ இருக்கவேண்டும். அது தாங்கக்கூடியது 2,700. தராசு அறையில் இருந்த பெண்மணி யன்னலைத் திறந்து பிரெஞ்சில் எண்ணைச் சொன்னார்.

2,810.

"இன்னொருமுறை பாருங்கள்," என்றேன். பார்த்தார். அதே 2,810. தாங்கக்கூடியதற்கு மேல் நூற்றுப் பத்து. என் கணக்குக்கு மேல் இருநூற்றெண்பது.

இப்படி ஒரு வித்தியாசம் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு சாமானாக இறக்கிப் பட்டியலோடு ஒப்பிடவேண்டும். தராசை விட்டு ஓரமாக ட்ரெய்லரை எடுத்து, கதவைத் திறந்து, தொடங்கினேன். ஐந்து நிமிடத்தில், பின் கட்டிலின் பலகையைத் தூக்கிய இடத்தில், போர்வையால் மூடிக் கிடந்தன — இரண்டு பெரிய கிடாரம், மூன்று மூட்டை அரிசி, பயறு, ஒரு பெட்டி தேங்காய்ப்பால் ரின், துடுப்பு மாதிரி ஒரு நீண்ட அகப்பை.

"இது என்ன?"

"கிடாரம்," என்றார் ஜெசி.

"கிடாரம் எண்டு எனக்குத் தெரியுது. இது ஏன் என்ர லிஸ்ற்ல இல்லை?"

"சொன்னா விடமாட்டியள். அதான் சொல்லேல்லை."

வண்டியின் பின் இருக்கையில் இருந்து றீற்றா இறங்கி வந்தார். "அக்காவில பிழையில்லை அண்ணை. நான்தான் கேட்டனான். ஒரு மூலையில கிடக்கும்தானே எண்டு..."

இங்கே நான் நிறுத்தியிருக்கலாம். கிடாரத்தைப் பார்த்து, "சரி, நிறுத்துப் பாப்பம்," என்று சொல்லியிருக்கலாம். முன்பக்கம், சில்லுகளுக்கு மேலாக நகர்த்தி வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்திருக்கலாம். அதுதான் ஒழுங்கான முறை. முப்பத்தொரு வருடம் அதைத்தான் செய்தேன்.

ஆனால் என் பட்டியலில் இல்லாத சாமான்! எனக்குத் தெரியாமல்! என் வண்டியில்!

நான் சொன்னவற்றை அப்படியே எழுதுகிறேன். எழுதாவிட்டால் இந்தப் பக்கத்துக்கு இந்த வாரம் வேலையில்லை.

"லிஸ்ற்ல இல்லாத சாமானுக்கு என்ன பேர் தெரியுமோ? கள்ளச் சாமான். அதுவும் பின்பக்கத்தில! உங்கட நேர்த்திக்காக நாங்கள் மூண்டுபேரும் றோட்டில சாகேலாது."

பிறகுதான் கிடாரத்தை நிலத்தில் வைத்தேன். முதலில் சொன்னேனே — சத்தத்தோடு.

லொறிச் சாரதிகளுக்குத் தமிழ் தெரியாது. தெரியத் தேவையில்லை. ஒரு கிழவன் கையை நீட்டிக் கத்துவதும், ஒரு பெண் தலையைக் குனிந்து நிற்பதும் எந்த மொழியிலும் விளங்கும். ஒருவர் ஹோர்ன் அடித்தார். அவசரத்தில் அடித்ததாகத் தெரியவில்லை.

றீற்றா அழவில்லை. "சரி அண்ணை," என்றார். குனிந்து ஓர் அரிசி மூட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார். நான் தடுக்கவில்லை. பட்டியலில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சாருங்கோ, போதும்," என்றார் ஜெசி. குரலை உயர்த்தவில்லை. நாற்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன். அவர் குரல் உயராவிட்டால்தான் பயப்படவேண்டும். போனை எடுத்து ஒரு வான் டாக்சி கூப்பிட்டார். அது வரும்வரை இரண்டு பெண்களும் சரளைக் கல்லின் மேல் அரிசி மூட்டைகளோடு நின்றார்கள். வந்ததும் கிடாரங்களை இருக்கையில் ஏற்றினார்கள். டாக்சிக்காரர் அவற்றுக்கு சீற் பெல்ற் மாட்டிவிட்டார். அந்நியர் ஒருவர்.

ஏறுவதற்கு முன் ஜெசி திரும்பினார்.

"எங்களையும் உங்கட லிஸ்ற்ல இருந்து வெட்டிவிடுங்கோ. அவள் அறுபத்திரண்டு. நான் அறுபதில்லை, அறுபத்தெட்டு."

காலையில் தனியே நிறுத்தபோது பிக்கப் வண்டி என் கணக்கை விட எட்டுக் கிலோ ஏன் கூடியிருந்தது என்பது எனக்கு அப்போது விளங்கியது.

டாக்சி போய்விட்டது. நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? பின்னால் ஓடினேனா? இல்லை. ட்ரெய்லரைத் திரும்பத் தராசில் ஏற்றினேன். சாமான் இறக்கினால் மறுபடி நிறுக்கவேண்டும் அல்லவா?

2,710.

நூறு கிலோ குறைந்திருந்தது. கிடாரம், அரிசி, பால் ரின், எல்லாம் சேர்த்து நூறு. அப்படியென்றால் மிச்சம் நூற்றெண்பது? அது இன்னும் உள்ளேதான் இருந்தது. ட்ரெய்லர் இன்னும் பத்துக் கிலோ அதிகம்.

வெட்கங்கெட்டவன் நான். தராசு அறைக்குப் போய், உங்கள் தராசு பிழை என்றேன். அந்தப் பெண்மணி கோபிக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த சோதனைச் சான்றிதழைப் பேனாவால் தட்டிக் காட்டினார். பிறகு என் ட்ரெய்லரை ஒருமுறை பார்த்தார். "ஏ லோ, மெஸ்யூ?" என்றார்.

தண்ணீர்?

"தாங்கி காலி," என்றேன். "இதோ, அடையாளம் போட்டிருக்கிறேன்." பட்டியலை யன்னலில் வைத்தேன். தண்ணீர்த் தாங்கி — காலி. பக்கத்தில் என் கையால் ஒரு நேர்த்தியான சரி அடையாளம்.

அவர் பட்டியலைப் பார்க்கவில்லை. "எங்களிடமும் இப்படி ஒரு ட்ரெய்லர் இருக்கிறது," என்றார். "என் புருஷன் ஒவ்வொரு வருடமும் மறப்பார்."

நான் மறப்பவன் இல்லை. அதை நிரூபிப்பதற்காகவே ட்ரெய்லரை ஓரமாக எடுத்து, அடியில் குனிந்து, குழாயைத் திறந்தேன்.

தண்ணீர் வந்தது.

வந்தது என்றால், வந்துகொண்டே இருந்தது. இருபது நிமிடம். சரளைக் கல்லெல்லாம் நனைந்து, லொறிகள் போகும் பாதைக்கு ஓடி, லொறிகள் அதை மிதித்துக்கொண்டு போயின. நான் குனிந்தபடி நின்றேன். நிமிர்ந்தால் யாரையாவது பார்க்கவேண்டி வரும்.

நடந்தது இதுதான். வியாழன் பின்னேரம், முறைப்படி, தாங்கியை மருந்து போட்டுக் கழுவினேன். அலச நிரப்பினேன். திறந்து விடவேண்டிய நேரத்தில் போன் வந்தது. பங்குக்காரர் ஒருவர், மகளின் திருமணச் சான்றிதழை எப்படி மொழிபெயர்த்து அனுப்புவது என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கினால் தெரியும்தானே — நாற்பது நிமிடம். முடித்துவிட்டு வந்து, மேசையில் பட்டியலைக் கண்டு, அடையாளம் போட்டேன். செய்ததாக நினைத்துப் போட்டேனா, செய்யப்போவதாக நினைத்துப் போட்டேனா? எனக்கே தெரியாது. தொழிற்சாலையில் செய்யாத வேலைக்கு இப்படி அடையாளம் போட்ட ஒருவரை நான் பிரிவை விட்டே மாற்றியிருக்கிறேன்.

கொஞ்சம் கணக்கு. எனக்கு வேறு என்ன தெரியும்? தண்ணீர் நூற்றெண்பது லீற்றர். அதாவது நூற்றெண்பது கிலோ. அதைத் திறந்துவிட்டிருந்தால் கிடாரமும் அரிசியும் உள்ளே இருக்க ட்ரெய்லர் 2,630. எழுபது கிலோ மிச்சம். அன்ரனின் நேர்த்தி முழுவதையும் ஏற்றிய பிறகும் எழுபது கிலோ மிச்சம்!

மூன்றாம் முறை நிறுத்தேன். 2,530. என் பட்டியல் சொன்ன எண். ஒரு கிலோ கூடவில்லை, குறையவில்லை. இவ்வளவு சரியாக இருந்து இவ்வளவு கேவலமாக உணர்ந்தது அதுதான் முதல் தடவை.

ட்ரெய்லரைக் குவாரி ஓரத்தில் நிறுத்திவைக்க அந்தப் பெண்மணி இடம் தந்தார். பிக்கப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போனேன். றீற்றாவின் வீடு மூன்றாம் மாடி. படி முழுவதும் ஏறும்போது என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு எனக்கு ஒரு முறையும் தெரியவில்லை. எல்லாப் படிவமும் தெரிந்தவன்.

கதவைத் திறந்தது ஜெசி. காதில் போன். "ஓம், ரெண்டு கிடாரம்... இல்லையோ? சரி, பரவாயில்லை." வைத்துவிட்டு என்னிடம், "செல்வத்தின்ர வானில எங்கள் ரெண்டுபேருக்கும் சீற் இருக்காம். சாமானுக்கு இடமில்லையாம். மற்ற எல்லாரும் நேரத்தோடயே வெளிக்கிட்டுட்டினம்," என்றார். செல்வம் கீழ்த் தெருக் கடைக்குச் சாமான் ஏற்றுகிறவர்.

றீற்றா குசினி வாசலில் நின்றார். கிடாரங்கள் இரண்டும் அவர் காலடியில்.

"தண்ணி," என்றேன். "தண்ணித் தாங்கியில தண்ணி இருந்தது. நான் நிரப்பினது. உங்கட சாமானால இல்லை. நான் சொன்ன கதை..."

றீற்றா கிடாரங்களைச் சுவரோரமாக நகர்த்தினார். பிறகு சொன்னார்.

"போன வருஷம் எங்கட வான் சரியான பழசு அண்ணை. பாரம் ஏத்தினா ஏறாது. அவர் கிடாரத்தையும் அரிசியையும் முதல் நாள் கொண்டுபோய் வைச்சிட்டு, திரும்பி வந்து, அடுத்த நாள் எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர். ரெண்டு தரம். நான் சொன்னனான், அண்ணையிட்ட ட்ரெய்லர் இருக்குத்தானே, ஒருக்காக் கேளுங்கோவன் எண்டு. 'அவரிட்ட எதையும் கேக்கலாம், கொண்டுபோகச் சொல்லி மட்டும் கேக்கேலாது' எண்டார்."

ஜெசி யன்னலால் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் அந்தக் கஞ்சியை நான் இரண்டு கோப்பை குடித்தேன். அரிசி கொஞ்சம் கூடக் குழைந்துவிட்டது என்று அன்ரனிடம் சொன்னது நினைவிருக்கிறது. எப்படிக் காய்ச்சவேண்டும் என்றும் சொன்னேன். மூன்று மணி நேரம் போய், மூன்று மணி நேரம் திரும்பி வந்து, மறுபடி மூன்று மணி நேரம் ஓடிய மனிதர். "அடுத்த முறை பாப்பம் அண்ணை," என்று சிரித்தார்.

"கிடாரத்தை நான் கொண்டுபோறன்," என்றேன். "விடுங்கோ, நான் கொண்டுபோறன்."

"கொண்டுபோங்கோ. அது அவற்ற நேர்த்தி, பிழைக்கக் கூடாது," என்றார் றீற்றா. "நான் செல்வத்தோட வாறன்."

"நானும்," என்றார் ஜெசி.

மூன்று மாடி, ஆறு தடவை. ஒருவரும் உதவிக்கு வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. குவாரிக்குத் திரும்பி, எல்லாவற்றையும் ட்ரெய்லரின் நடுவில், சில்லுக்கு நேர் மேலே, நகராதபடி கட்டிவைத்தேன். நிறுத்தேன். 2,630. ஆம், அப்போதும் நிறுத்தேன். நிறுப்பது பிழை என்று யாரும் இதை வாசித்துவிட்டுச் சொல்லவேண்டாம். தயவுசெய்து நிறுங்கள். எண்ணைப் பார்த்த பிறகு வாயைத் திறப்பதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மதியம் ஆற்றங்கரையில் சனம் எல்லாம் கஞ்சி குடித்தது. றீற்றா என் கோப்பையிலும் ஊற்றினார், மற்றவர்களுக்கு ஊற்றிய அளவு. உப்பு, குழைவு, எதைப் பற்றியும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் எனக்கு மறக்காதது கஞ்சி இல்லை. அதற்கு முதல் நாள், அந்த மூன்று மணி நேரம். பின் இருக்கை காலி. பக்கத்து இருக்கை காலி. காற்று அடித்தும் ட்ரெய்லர் அசையவில்லை. ரயர் சூடாகவில்லை. வண்டி தாங்கக்கூடியதில் பாதிகூட ஏறவில்லை.

விதிப்படி பார்த்தால், இவ்வளவு பாதுகாப்பாக நான் வண்டி ஓட்டியதே கிடையாது.